வைகை பிறக்கும் மலைக்காடு: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்க் கரையிலும் தேநீர்க் கடையிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் இந்தக் கேள்விகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. வைகை அணை நிரம்பிய செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் கண்மாய் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பில் நிலம் வைத்திருப்பவன். சில பதில்களில் கோபம் தெரிந்தால் அதுதான் காரணம்.

வைகை மதுரையில்தானே தொடங்குகிறது? பிறகு ஏன் எல்லாரும் தேனி, தேனி என்கிறார்கள்?

மதுரை வைகைக்கு நடுவழி. தேனி மாவட்டத்தின் தென்கோடியில், வெள்ளிமலை, அரசரடிப் பக்கத்துக் காட்டு ஓடைகள் பல சேர்ந்து மூல வைகை உருவாகிறது. பிறந்தவுடன் கிழக்கே நம்மை நோக்கி ஓடிவருவதில்லை. வடக்கே போகிறது. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஒரு நீளப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆண்டிபட்டி அருகே அணையில் நின்று, அதன் பிறகுதான் வளைந்து தென்கிழக்காகத் திரும்புகிறது. மதுரை, மானாமதுரை, பரமக்குடி கடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேருகிறது. கண்மாய் நிறைந்து மிஞ்சினால் ஆற்றங்கரை கிராமத்தின் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் விழுகிறது. மொத்த நீளம் 258 கிலோமீட்டர்.

வழியில் துணையாறுகளும் உண்டு. முல்லையாறும் போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆறும் அணைக்கு மேலேயே சேர்ந்துவிடுகின்றன. பழனிமலையிலிருந்து வரும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை அணைக்குக் கீழே சேருகின்றன. ஆகவே ‘வைகையின் மலை’ என்று ஒரே மலையைக் காட்டிவிட முடியாது. ஆனால் ஆற்றின் பெயரைச் சுமந்து வருவது மூல வைகைதான். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதன் காட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

மேகமலை, வருசநாடு, வெள்ளிமலை... எத்தனை மலை ஐயா இது?

ஒரே மலைத்தொகுதிதான். மேற்குத் தொடர்ச்சி மலை தேக்கடிப் பக்கத்திலிருந்து ஒரு கிளையை வடகிழக்கே நீட்டுகிறது. அந்தக் கிளையின் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு, கிழக்கே வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. நடுவில் உயர்ந்து நிற்பது மேகமலை. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கும் கிழக்கே இன்னொரு வரிசை மலை இருக்கிறது. அதன் மறுபக்கச் சரிவு சாப்டூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இறங்குகிறது.

நாங்கள் கமுதிப் பக்கம். எங்களுக்கு வைகை இல்லை. இந்த மலைக்கும் எங்களுக்கும் என்ன?

உங்களுக்கும் அதே மலைதான், வேறு சரிவு. குண்டாறு சாப்டூர்ப் பக்கத்துக் காட்டில் பிறந்து திருமங்கலம், கமுதி வழியாக வந்து மூக்கையூர் அருகே தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கமுதியில் குண்டாற்றிலிருந்து பிரிந்து முதுகுளத்தூர்ப் பக்கம் போகிற ரகுநாத காவிரிக் கால்வாய் சேதுபதிகள் காலத்தில் வெட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஓடைகள் வைப்பாற்றுக்குப் போகின்றன. ஒரே காடு இப்படி மூன்று ஆறுகளையும் இரண்டு கடல்களையும் பார்க்கிறது. நம் மாவட்டத்தின் வடகரைக்கும் தென்கரைக்கும் அந்த மலை பொது.

புலிகள் காப்பகம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது எப்போது வந்தது?

2021 பிப்ரவரியில். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்பது முழுப் பெயர். தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51ஆவது. களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் நான்கும் இதற்கு முந்தியவை. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தையும், பின்னால் வந்த மேகமலைச் சரணாலயத்தையும் ஒன்றாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புலிகள் காப்பகத்தில் உள்வட்டக் காடு, வெளிவட்டக் காடு என்று பிரிவு வரும். உள்வட்டத்தில் சாலை, சுரங்கம், புதிய தோட்டம் எதையும் எளிதாகக் கொண்டுவர முடியாது. மூல வைகையின் தலைமடைக்கு இதைவிடக் கனமான பூட்டு இதுவரை கிடைத்ததில்லை.

மலை என்றால் பச்சையாக இருக்க வேண்டாமா? தேனி போகும் வழியில் வெறும் முள்ளும் பாறையும்தான் தெரிகிறது.

நீங்கள் பஸ்ஸில் இருந்து பார்ப்பது அடிவாரம். அது மழை மறைவுப் பகுதி. அங்கே உடை, வெள்வேல், கள்ளி போன்றவற்றின் முள்காடுதான் இயல்பு. அதைப் பாழ் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பொட்டல் போலவே அதற்கும் குடிகள் உண்டு.

கொஞ்சம் ஏறினால் கோடையில் இலையுதிர்க்கும் காடு. ஓடை ஓரங்களில் மட்டும் மருதும் மாவும் நாவலும் எப்போதும் பசுமையாக நிற்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே போகப்போக வெயில் தரையில் படாத மழைக்காடு. மரத்தண்டில் பாசி, பாசியில் ஆர்க்கிட், காலில் அட்டை. உச்சியில் காடு திடீரென்று நின்று புல்வெளி தொடங்கும். மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்து நிற்கும். அதுதான் சோலை. காலை வெயில் ஏறும்வரை அந்தப் புல்லின் ஒவ்வொரு தாளிலும் நீர் கோத்திருக்கும், மழை பெய்யாத நாளிலும். பனிமூட்டம் தொட்டுவிட்டுப் போன ஈரம் அது.

கேரளாவில் மழை கொட்டுகிறது என்கிறார்கள். மூல வைகை மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது?

கச்சான் காற்றில் வருகிற தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் இறங்கிவிடுகிறது. மேலே சொன்ன அமைப்பை நினைத்துப் பாருங்கள். வருசநாட்டுப் பள்ளத்தாக்கு மேகமலைக்குக் கிழக்கே ஒளிந்திருக்கிறது. ஆனி, ஆடியில் மேகம் மலைமுகட்டில் தெரியும், பள்ளத்தாக்கில் தூறலோடு நின்றுவிடும். முல்லைப் பெரியாறு நிறைந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் மூல வைகையில் மணல் சுடும்.

மூல வைகைக்கு உயிர் வாடைக்காலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து, கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலாகப் போகிற மேகம் அங்கே முட்டிப் பெய்கிறது. ஆகவே நமக்கு வாடை பொய்த்த ஆண்டில் பெரும்பாலும் மூல வைகைக்கும் பொய்த்துப்போகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து அடிபடுவது நம் மாவட்டத்தின் தலையெழுத்து.

அப்படியானால் வைகையில் ஓடுவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தானே?

பல மாதங்களில் பெரும்பகுதி அதுதான். கேரளத்தின் பெரியார் காட்டில் விழுந்து அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேருகிறது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு குத்தகை, 1895இல் அணை திறப்பு, கட்டியவர் ஜான் பென்னிகுக். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது.

தெரியாதது என்னவென்றால், இந்த யோசனையின் முதல் கை நம் ஊர்க் கை. 1789 வாக்கிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியான (அமைச்சரான) முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆட்களை அனுப்பி, மேற்கே ஓடுகிற ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்க்கச் சொன்னார். முடியும் என்று தெரிந்தது, பணம் இல்லை. அதன் பிறகு 1876–78 பஞ்சத்தில் இந்தச் சீமை செத்துப் பிழைத்தது. திட்டம் உயிர்பெற்றதற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

ஆனால் உரிமைக் கணக்கு வேறு. பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கும் மேலூர் வரை போகிற பெரியாறு பிரதானக் கால்வாயும் முன்னால் நிற்கின்றன. நம்முடையது வைகையின் பூர்வீகப் பாசன உரிமை. அதில் பன்னிரண்டு பங்கில் ஏழு ராமநாதபுரத்துக்கு, மூன்று சிவகங்கைக்கு, இரண்டு மதுரைக்கு. தாளில் நாம்தான் பெரிய பங்காளி.

காடு இருந்தால்தான் மழை வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையா?

பாதி உண்மை. பருவமழையைக் கொண்டுவருவது கடலும் காற்றும். அதைத் தடுத்து மேலே தூக்கிக் குளிரவைத்துப் பெய்யவைப்பது மலையின் உயரம். காடு விடுகிற ஈரமும் உச்சிச் சோலைகள் பனிமூட்டத்திலிருந்து பிடித்துக்கொள்கிற நீரும் கொஞ்சம் சேர்க்கும். காட்டின் பெரிய வேலை துளி விழுந்த பிறகு தொடங்குகிறது. இலை அடியைக் குறைக்கும், சருகு ஓட்டத்தை நிறுத்தும், வேர் போன வழியில் நீர் மண்ணுக்குள் இறங்கும். கூரை வீட்டில் மழை விட்ட பிறகும் இறவாரம் சொட்டிக்கொண்டிருப்பது போல, காட்டு மலை மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் ஓடைக்கு நீர் விட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரமும் தண்ணீர் குடிக்கும். மொட்டை மலையிலிருந்து வருகிற மொத்த நீர், கணக்கில் காட்டு மலையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அது இரண்டே நாளில் மண்ணையும் கல்லையும் இழுத்துக்கொண்டு வந்து அணையில் விழுந்துவிடும். காடு நமக்குத் தருவது அளவு அல்ல, அவகாசமும் தெளிவும். வைகை அணை 1959இல் திறந்தது. அன்றிலிருந்து சேர்ந்த வண்டல் அதன் கொள்ளளவில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. மேலே சரிவு மொட்டையாக மொட்டையாக அந்தத் தீனி வேகமாகிறது.

அப்படியென்றால் மலை முழுக்க மரம் நட்டுவிடலாமே?

வேண்டாம். உச்சிப் புல்வெளி மரம் அழிந்த இடம் அல்ல, அது இயல்பாகவே புல்வெளி. அங்கே சவுக்கோ யூகலிப்டஸோ சீமைச் சீகையோ நட்டால் ஓடை வற்றும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தார்கள். சீமைக்கருவேலத்தை விதைத்துவிட்டு இன்று வரை வெட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மேகமலையில் தேயிலைத் தோட்டம்தானே இருக்கிறது? அதுவும் காடுதானா?

இல்லை. படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காட்டை வெட்டி வைத்த தேயிலை அது. ஏலமும் காப்பியும் பெரிய மரங்களின் நிழலில் வளர்வதால் அவற்றில் காட்டின் குணம் கொஞ்சம் மிஞ்சுகிறது. தேயிலையில் அது மிகக் குறைவு. அங்கே தெரிகிற மணலாறு, இரவங்கலாறு போன்ற நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டியவை. ஆனால் தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத் துண்டுகளில்தான் பல அரிய உயிர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சாம்பல் நிற அணிலுக்கு ஒரு சரணாலயமா? அது நம் வீட்டு அணில்தானே?

நேரில் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். மூக்கிலிருந்து வால்நுனி வரை முக்கால் மீட்டர் வரை வரும். அதில் பாதிக்கு மேல் வால். வாலின் மயிர் நுனிகள் வெளுத்திருப்பதால் சாம்பல் பூசியது போலத் தெரியும். இந்த மலைகளின் ஓடைக்கரைக் காடுகளிலும் இன்னும் சில இடங்களிலும் இலங்கையிலும்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பக்கம் காலையில் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். தரைக்கு அநேகமாக வராது. கிளையைப் பின்னங்கால்களால் பிடித்து, உடம்பை முன்னால் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் புளியங்காயைத் திருப்பித் திருப்பிக் கடிக்கும். தோல் மட்டும் நம் தலையில் விழும்.

கூட்டை எங்கே கட்டுகிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று தொடுகிற இடத்தில் குச்சியும் இலையும் வைத்து உருண்டையாகக் கட்டும். கழுகோ வேறு எதிரியோ வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வழி வேண்டும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் வழி அறுந்துவிடும். அது இருக்கிற ஓடைக்கரையில் மரநிழல் அறுபடாமல் இருக்கிறது என்று பொருள். வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

வேறு என்னதான் இருக்கிறது அங்கே? குரங்கு, மான், அவ்வளவுதானா?

குரங்கிலேயே நாம் கோயிலில் பார்க்காத இரண்டு இருக்கின்றன. ஒன்று கருமந்தி. இன்னொன்று சிங்கவால் குரங்கு, சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால்நுனியில் குஞ்சம். மழைக்காட்டின் மேல்தட்டை விட்டு இறங்க விரும்பாது. வெடிப்பலா மரத்தின் பூவும் காயும் அதற்கு முக்கிய உணவு. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது.

இருவாட்சிகளில் பெரியது பறந்து வந்தால் இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் சிறு பிளவின் வழியே பழம் ஊட்டும். அது விழுங்கிய விதைகள் மைல் கணக்கில் தள்ளிப்போய் விழுந்து முளைக்கின்றன. பொந்து விழுகிற அளவுக்குக் கிழட்டு மரம் இருந்தால்தான் இந்தக் குடும்பம் நடக்கும். புதிதாக நட்ட தோப்பில் நடக்காது.

எனக்குப் பிடித்தது வௌவால் கதை. 1948இல் மேகமலையில் தோட்ட வேலையில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே வேறு இனம் என்று தவறாகப் பெயரிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது அறிவியல் அறியாத புதிய இனம் என்று அறிவித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். ஒரு விலங்கு கால் நூற்றாண்டு அலமாரியில் தன் பெயருக்காகக் காத்திருந்திருக்கிறது.

இவை தவிர உச்சிப் பாறைகளில் மாநில விலங்கான வரையாடு. காட்டுமாடு, கடமான், கரடி, சிறுத்தை, செந்நாய், யானை, புலி எல்லாம் உண்டு.

புலியைக் காப்பாற்றினால் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருமா? நேராகச் சொல்லுங்கள்.

நேராக வராது. புலிக்கு நிறைய இரை வேண்டும், இரைக்குப் புல்லும் நீரும் வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மனிதச் சந்தடி குறைந்த பெரிய காடு வேண்டும். புலி என்று சொல்லிப் பூட்டினால் அதன் கீழ் இருக்கிற சோலை, ஓடை, மண் எல்லாம் சேர்ந்து பூட்டப்படுகின்றன. ஓடைக்காகக் காட்டைப் பூட்டுங்கள் என்று நாம் இத்தனை ஆண்டுகள் கேட்டு நடக்காதது புலியின் பெயரால் நடந்திருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டியது புலி அல்ல.

இந்தக் காட்டின் புலிகள் பெரியார் காப்பகத்தோடு போக்குவரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மாநில எல்லை கிடையாது, நீர்ப்பிரச்சினையும் கிடையாது.

அரிசிக்கொம்பன் அங்கேயிருந்துதானே கம்பத்துக்குள் வந்தது? அப்படிப்பட்ட காட்டை ஏன் பாதுகாக்க வேண்டும்?

அந்த யானை இந்தக் காட்டுக்காரன் அல்ல. 2023 ஏப்ரலில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்து, மே மாதக் கடைசியில் கம்பம் நகரத்துக்குள் ஓடியது. ஜூன் 5 அன்று பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பழகிய இடத்திலிருந்து தூக்கி வந்து விட்ட யானை வழி தேடியதற்குக் காட்டின் மேல் வழக்குப் போட முடியாது. யானை ஊருக்குள் வராமல் இருக்க வேண்டுமென்றால் காடு துண்டுபடாமல் இருக்க வேண்டும். பாதுகாப்பதற்கு அதுவே ஒரு காரணம்.

அங்கே மனிதர்களே இல்லையா?

இருக்கிறார்கள். பளியர்கள் அந்த மலைகளின் பழங்குடிகள். தேன், கிழங்கு, ஓடை, யானை வழி எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இலவம் பஞ்சும் முந்திரியும் வைத்துப் பல தலைமுறையாக வாழும் விவசாயிகள் இருக்கிறார்கள். வனநிலம் எது, பட்டா நிலம் எது என்ற வழக்கு அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது.

‘காட்டில் இருக்கிற எல்லாரையும் வெளியேற்று, எங்களுக்குத் தண்ணீர் வரும்’ என்று நம் பக்கத்தில் சிலர் பேசுகிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை. சரிவை மொட்டையடித்தவனும் தேன் எடுக்கிறவனும் ஒன்றல்ல.

வைகை அணை 71 அடி நிறைந்துவிட்டது என்கிறார்கள். எங்களுக்கு எப்போது வரும்?

அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. நிறைந்ததாலேயே நம்மிடம் வந்துவிடாது. பூர்வீகப் பாசனத்துக்கு மூன்று பகுதியாகப் பிரித்துத் திறக்கிறார்கள். பேரணையிலிருந்து விரகனூர் மதகணை வரை ஒன்று, விரகனூரிலிருந்து பார்த்திபனூர் மதகணை வரை ஒன்று, பார்த்திபனூரிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை ஒன்று. நாம் கடைசிப் பகுதி. அறிவிப்பில் எந்தப் பகுதிக்கு, எத்தனை நாள், எவ்வளவு கனஅடி என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நாற்று விடுங்கள், அணை மட்டத்தைப் பார்த்து விடாதீர்கள்.

திறந்தும் வரவில்லையே! இடையில் எங்கே போகிறது?

முதலில் ஆறு குடிக்கும். மாதக்கணக்கில் காய்ந்த மணல் நனைந்த பிறகுதான் மேலே ஓட்டம் தெரியும். அடுத்தது மணல் அள்ளியதால் ஆறு தாழ்ந்துபோனது. கால்வாய்த் தலைமதகு மேலே நிற்க, ஆறு கீழே ஓடுகிறது. வெள்ளம் வந்தால் ஏறும், சாதாரண ஓட்டத்தில் ஏறாது.

மூன்றாவது, வரத்துக்கால்வாய். சீமைக்கருவேலம் அடைத்து, கரை கரைந்து, ஆங்காங்கே வயலோடு சேர்த்து உழுதுவிட்ட கால்வாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2017இல் உயர் நீதிமன்றமே சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. அகற்றிய இடத்தில் மறுமழைக்கு மறுபடியும் தழைத்தது, வேரோடு எடுக்காததால். மேகமலையில் ஒரு மரத்தை வெட்டினால் கொதிக்கிற நாம், நம் கால்வாயில் ஒரு முள்மரத்தை வெட்ட ஆளில்லை என்கிறோம்.

நாங்கள் குடிப்பது காவிரித் தண்ணீர். குழாயில் வருகிறது. வைகை மலை எங்களுக்கு எதற்கு?

குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் மாடு எங்கே குடிக்கிறது, நெல் எதில் விளைகிறது, ஊருணி எதில் நிறைகிறது? இந்தக் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். கண்மாயில் தண்ணீர் நின்ற ஆண்டில் அதை அடுத்த கிணறு வாயில் வைக்கும்படி இருக்கும். காய்ந்த ஆண்டில் அதே கிணறு கரித்துப்போகும். குழாய் உடைந்த வாரத்தில் குடம் தூக்கிப்போகும் இடத்தைப் பெண்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

கடலில் போய் விழுகிற தண்ணீர் வீண்தானே? ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்கிறார்கள்.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். நானும் விவசாயிதான். இருந்தாலும் வடகடலில் வலை போடுகிறவரை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசுங்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து முகத்துவாரத்தில் நன்னீர் கலந்த ஆண்டில் இறாலும் மடவையும் நண்டும் எப்படி இருந்தன, வறண்ட ஆண்டில் எப்படி இருந்தன என்று அவரே சொல்வார். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் உப்புக் குறைந்த முகத்துவார நீரில் ஒதுங்கி வளர்ந்து பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. அந்த நீர் வருவதே சில நாட்கள்தான். அதையும் வீண் என்றால் எப்படி?

ஆனால் சேறாக வந்தால் நல்லதல்ல. பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகள் இருக்கின்றன. ஆவுளியா என்று நாம் சொல்லும் கடல்பசு அதைத்தான் மேய்கிறது. கலங்கல் நீர் நெடுநாள் நின்றால் வெயில் அடிமட்டத்துக்குப் போகாது, புல் நலியும். காடு தருவது தெளிவு என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதன் பலன் வயலோடு முடிவதில்லை.

வைகை கடலில் கலக்காது என்று புலவர்களே பாடியிருக்கிறார்களாமே?

ஆமாம். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை விலகிப்போவதாக ஒரு பழம்பாடல் உண்டு. கற்பனை அழகு. நடப்பில், ஆற்றை வழிநெடுக வெட்டி ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலி கட்டிவைத்தார்கள் முன்னோர்கள். கடலுக்கு மிஞ்சுவது நல்ல மழை ஆண்டில்தான். ஆற்றின் வாய் முன்பு சுறுசுறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. அந்த வாயருகே உள்ள அழகன்குளம் அகழாய்வில் ரோமானியக் காசுகள் கிடைத்தது அதனால்தான்.

எங்கள் கண்மாயில் கூடு கட்டுகிற நாரைகள் அந்த மலையிலிருந்து வருகின்றனவா?

இல்லை. அவை நீர்ப்பறவைகள், மழைக்காட்டில் அவற்றுக்கு வேலை இல்லை. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாம் கண்மாய் நிறைந்த செய்தி அறிந்து வருகின்றன. எப்படி அறிகின்றன என்று கேட்காதீர்கள், அது தனிப் பாடம். நடுவில் நிற்கும் கருவேல மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நாய், நரி ஏறாது என்று நம்பிக் கூடு வைக்கும். தண்ணீர் பாதியில் வற்றினால் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த வகையில் மலைக்காட்டோடு சொந்தம் உண்டு.

நம் மாவட்டத்துப் பறவைக் கண்மாய்களில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022இல் ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைச் சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாத அளவு விரிவு என்பது பெருமை.

மேகமலை பார்க்க வேண்டும். மூல வைகை பிறக்கும் இடத்துக்கும் போகலாமா?

மேகமலைக்குப் போகலாம். மதுரை, தேனி வழியாகச் சின்னமனூர், அங்கிருந்து மலைச்சாலை. தென்பழனியில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. இருட்டிய பிறகு விடமாட்டார்கள், வாதாடிப் பயனில்லை. மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பும் குளிருக்குப் போர்வையும் வேண்டும். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உச்சி வேண்டாம், நீர்வீழ்ச்சி போதும் என்றால் சுருளியும் கோம்பைத்தொழு அருகே சின்னச்சுருளியும் உண்டு.

மூல வைகையின் பிறப்பிடம் காப்பகத்தின் உட்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆறு பிறக்கும் இடத்தில் செல்பி எடுக்கிற கூட்டம் இதுவரை சேராதது அந்த ஆற்றின் அதிர்ஷ்டம்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்துவிட்டால் இந்த மலையை நம்பியிருக்க வேண்டாமே?

அந்தத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். வரட்டும், வந்தால் நான்தான் முதலில் மகிழ்வேன். ஆனால் அதில் வரப்போவது காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் மட்டும் கிடைக்கும் உபரி. மேட்டூர் வழிகிற ஆண்டில் வரும், வழியாத ஆண்டில் கால்வாய் மட்டும் இருக்கும். வந்த தண்ணீரும் முன்பு சொன்ன அதே அடைந்த வரத்துக்கால்வாய்களில்தான் கண்மாய்க்குப் போக வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. உங்கள் கண்மாயின் பெயர், வரத்துக்கால்வாயின் பெயர், எந்தப் புல எண்ணில் அடைப்பு என்று எழுதிக் கொடுங்கள். ‘வைகைத் தண்ணீர் வரவில்லை’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அது அணைக்காரரிடம் போய்த் திரும்பி வந்துவிடும். புல எண் போட்டால் யாராவது ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும்.